குண்டுக் கரடியும் மஞ்சள் நூலும்

"கறுப்புச் சட்டைக்கு மஞ்ச நூல்ல பட்டன் தைச்ச முதல் ஆள் நீயாத்தான் இருப்பே" என்றாள் அண்ணி, படியேறிக்கொண்டே.

"இதுல ஒரு வசதி இருக்கு அண்ணி. இருட்டுலகூட பட்டன் எங்கே இருக்குன்னு தேட வேண்டாம்" என்றான் கொழுந்தன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவன் வேலை துப்பறிவதில் அவளுக்கு உதவி செய்வது. ஆனால் மூச்சு விடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுவதுதான் அவன் உண்மையான தொழில். போகிற இடமெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கேஸ் கொடுக்க வருகிறவர்களும் அவளை அப்படியே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அறுபது வயது தொழிலதிபர் ஒருவர் அவளை அண்ணி என்று அழைத்தபோதுகூட அவள் திருத்தவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது மாடியில் பின்னல் பட்டறை. பன்னிரண்டு மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மேலே மின்விசிறிகளில் கம்பளிப் பஞ்சு தாடி வளர்த்துத் தொங்கியது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே நாற்பது பேர் வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கம்பளிக் குல்லா பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு நாள் கம்பளிக் குல்லா போட்டதில்லை.

"இந்த வெயில்ல இதைத் தொட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கு" என்றான் கொழுந்தன்.

"தொடாதே. வாயை மட்டும் மூடிக்கிட்டு வா."

குல்லாக்கள் எல்லாம் கடல் தாண்டிக் குளிர் நாடுகளுக்குப் போகிறவை. அங்கே கம்பெனிகள் தங்கள் பெயரைப் பின்னி, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும். விளம்பரம்தான், வேறென்ன. காலண்டர் கொடுத்தால் சுவரோடு கிடக்கும். குல்லா கொடுத்தால் தலையில் ஏறி ஊரெல்லாம் சுற்றும்.

இந்த வருடத்துப் பெரிய ஆர்டர் தெருவில் விழும் பனியை வாரும் கம்பெனி ஒன்றிடமிருந்து வர இருந்தது. அதற்காகப் பட்டறை ஒரு குல்லா யோசித்து வைத்திருந்தது. விளிம்பை மடித்துவிட்டால், மடிப்பின்மேல் ஒரு கரடி சுருண்டு படுத்துத் தூங்கும். குளிர் கடித்தால் மடிப்பைக் காதுவரை இறக்குவார்கள் அல்லவா? அப்போது மடிப்புக்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு கரடி, கண்ணை அகல விழித்துக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு வெளியே வரும். குளிர் வந்தால் நாங்கள் விழித்துக்கொள்வோம் என்று அர்த்தம். பலே யோசனை! அந்த யோசனையை யாரோ திருடிவிட்டார்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் நாலு மாடிப் போட்டிக் கம்பெனி, அதே தூங்கும் கரடியையும் அதே விழிக்கும் கரடியையும் பின்னி, பட்டறைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே சாம்பிள் அனுப்பிவிட்டது.

"வாடி நெட்டை" என்று ஓடி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள் பட்டறை முதலாளியம்மா.

"அழாதே குட்டை. நான் வந்துட்டேன்ல."

உயரத்தில் இருவருக்கும் ஒரு முழம் வித்தியாசம். முன்பு ஒரு பெரிய உடைக் கம்பெனியில், ஒரே மேசையில், பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துணியில் குறை பார்த்தவர்கள். அங்கே வந்த பெயர்கள்தான் நெட்டையும் குட்டையும். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தபோது மற்றவள் அவளுடைய பங்கு துணியையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அண்ணிக்கு அம்மா செத்த வாரம் வீட்டில் அடுப்பு மூட்டியவள் குட்டைதான். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

மூவரும் முதலாளியம்மாவின் அறைக்குள் போனார்கள். அண்ணி மேசைமேல் ஒரு காகித உறையை வைத்தாள். பனி வாரும் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் நேற்று மாலை அவள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த உறை. போட்டிக் கம்பெனியின் சாம்பிள் உள்ளே இருந்தது. ஒட்டின இடத்தில் ஏஜென்டின் கையெழுத்து குறுக்கே ஓடியது.

"என்கிட்ட வேண்டாம், நேரா உன்கிட்டயே கொடுக்கச் சொன்னேன்" என்றாள் குட்டை. "நான் அதைக் கண்ணால பார்த்ததுகூட இல்லை. நீயே பிரி. நான் தொடவே மாட்டேன். நாளைக்கு நான்தான் எதையோ மாத்திட்டேன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது பாரு."

"விவரமாத்தான் இருக்கே" என்றாள் அண்ணி, மனதுக்குள் மெச்சிக்கொண்டே.

உறையைக் கிழித்தாள். கருநீலத்தில் இரண்டு குல்லாக்கள், இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றின் மடிப்பை இறக்கியதும் கரடி வந்தது. கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது? பனி வாரப் போற கரடி மாதிரி இல்லையே. விருந்துல மூணு பந்தி உட்கார்ந்துட்டு வந்த கரடி மாதிரி இருக்கு."

உண்மைதான். பட்டறையின் கரடி நெடுநெடுவென்று நிற்கும். இது குட்டையாய், பக்கவாட்டில் ஊதிப்போய் நின்றது. மண்வெட்டிகூடக் கரண்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. அண்ணி இரண்டு குல்லாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரே குட்டை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க குல்லா ஏதாவது வெளியே போயிருந்தா, அதை வச்சுப் பின்னலைக் கண்ணி கண்ணியா எண்ணியிருப்பாங்க. கரடி அச்சு அசலா வந்திருக்கும்" என்றாள் அண்ணி மெதுவாக. "இது அப்படி வரலை. அப்போ போனது குல்லா இல்லை. காகிதம்."

குட்டை முந்தானையை விலக்கினாள். "காகிதம்னா அது அவரோட பீரோவுலதான் இருக்கு. சாவியும் அவர்கிட்டதான். நான் சொன்னா நீ நம்ப மாட்டேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவர் என்பது கட்டக்காரர். படத்தைக் கட்டம் கட்டமாகத் தாளில் பிரித்துப் போடுகிறவர். ஒரு கட்டம் ஒரு கண்ணி. அந்தத் தாளைப் பார்த்துத்தான் மெஷினில் பின்னுவார்கள். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அவரும் குட்டையும் சரிபாதிப் பங்காளிகள். தொழில் ரகசியத்தை யார் வெளியே கொடுத்தாலும் பங்கை விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்று அன்றைக்கே இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று நாளாக அவரைப் பட்டறைக்கு வரவேண்டாம் என்று குட்டை நிறுத்தி வைத்திருந்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரையும் கூட்டியிருக்கேன். நீ ஒரு அறிக்கை எழுதிக் கொடு. நான் சொன்னா பங்குச் சண்டைம்பாங்க. நீ சொன்னா மறுபேச்சு கிடையாது."

அதுவும் உண்மை. போன வருடம் கம்பளி மூட்டை காணாமல் போனபோது எல்லோரும் வாட்ச்மேனைக் கை காட்டினார்கள். அண்ணிதான் அவர் குற்றமில்லை என்று காட்டி, மூட்டையையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த நாற்பது பேருக்கும் அவள் வாக்கு வேதவாக்கு.

அண்ணி காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கட்டத்தாள் வெளியே போயிருக்கிறது, அது இருந்தது கட்டக்காரரின் பொறுப்பில், என்று எழுதி முடித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது.

"என்னடி?"

"கையெழுத்து நாலு மணிக்கு. ஒருத்தரோட முகத்தைப் பார்க்காம அவர் குத்தவாளின்னு நான் எழுதினதில்லை."

"அவரைப் போய்ப் பார்க்கணுமா? நல்லா நடிப்பாரு."

"நடிச்சாலும் பார்த்துட்டு வரேன்."

குட்டையின் முகம் கொஞ்சம் சுருங்கியது. வேதனை போல என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். குல்லாக்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்டோவில் போகும்போது ஒரு குல்லாவை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினாள். உச்சியில், கண்ணிகளை எல்லாம் சேர்த்து இழுத்து மூடுகிற இடத்தில், ஒரு கண்ணி நழுவியிருந்தது. அந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் நூல் முடிச்சு. இரண்டு சின்னக் காதுகள் நீட்டிக்கொண்டு நின்றன.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணி, தனியாச் சிரிக்கிறீங்க? எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல."

"என் கையைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன். வேலையை விட்டு எத்தனை வருஷமாச்சு! ஒரு குறையைப் பார்த்துட்டா இன்னும் சும்மா இருக்க மாட்டேங்குது."

அவள் சொன்ன கதை இது. அந்த உடைக் கம்பெனியில் குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார்கள். கம்பளியில் ஸ்டிக்கரை ஒட்டினால் பசை போகாது. பசைக் கறை என்று அதற்குத் தனியாகத் திட்டு விழும். அதனால் நெட்டையும் குட்டையும் சேர்ந்து ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். குறையுள்ள கண்ணிக்குள் மஞ்சள் நூலை விட்டு, இரண்டு சுற்று, இரண்டு காது. இடக்காதை இழுத்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். வலக்காதை இழுத்தால் இறுகிக்கொள்ளும். பூனைக்காது என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வேறு ஒருவருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

"பதினோரு வருஷம். ஒரு நாளைக்கு நூறு முடிச்சு. கண் பார்த்ததும் கை போட்டுடும். போட்டது நமக்கே தெரியாது" என்றாள் அண்ணி.

"அப்போ காலையில அவங்க அழுதுக்கிட்டு இருந்தப்போ நீங்க முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தீங்களா? நல்ல சிநேகிதம்!"

"போடா" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கட்டக்காரரின் வீடு ஒரு சந்தின் முனையில் இருந்தது. முன் அறையில் சாய்வு மேசை, நீண்ட அளவுகோல், சீவிச் சீவிக் கட்டை விரல் அளவுக்கு வந்துவிட்ட பென்சில்கள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மூன்று நாளில் கட்டக்காரர் மூன்று வயது கூடியவர்போல உட்கார்ந்திருந்தார்.

"அறிக்கை எழுதிட்டீங்களா அண்ணி?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எழுதிட்டேன். கையெழுத்துப் போடலை."

"போட்டுடுங்க. பங்கு போனா போகுது, அதுக்காக நான் அழலை. திருடன்னு பேர் வாங்கிட்டு இந்த ஊர்ல யாருக்கு நான் இனிமே கட்டம் போடறது? என் பொண்டாட்டி மூணு நாளா வாசல் பெருக்கப் போகலை, அக்கம்பக்கத்துல கேட்பாங்கன்னு."

அண்ணி குல்லாவை எடுத்து மேசைமேல் விரித்தாள். கட்டக்காரர் கரடியைப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்தது கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சிரிப்பு!

"ஐயோ, இந்தக் கரடியை வச்சா என்னைத் திருடன்னு சொன்னீங்க?"

எழுந்து பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்தார். கட்டத்தாள்தான். ஆனால் கட்டங்கள் சதுரமாக இல்லை. ஒவ்வொன்றும் அகலமாய், உயரம் குறைந்து, செங்கல்போலப் படுத்திருந்தன.

"பாருங்க. ஒரு கண்ணி சதுரமா இருக்காது. அகலம் அதிகம், உயரம் கம்மி. அதனாலதான் நான் கடையில தாள் வாங்கறதே இல்லை. நானே இப்படிக் கோடு போட்டுக்குவேன். இந்தத் தாளை யாராவது திருடியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? கட்டத்தை எண்ணி எண்ணிப் பின்னியிருப்பாங்க. கண் மூடிப் பின்னினாலும் கரடி ஒழுங்கா வந்திருக்கும்."

"அப்போ இந்தக் கரடி?"

"இது என் தாளைப் பார்த்ததே இல்லை. வெறும் படம்தான் போயிருக்கு. அங்கே யாரோ ஒரு அரைகுறை அதைக் கணக்கு நோட்டுல சதுரக் கட்டத்துல வரைஞ்சிருக்கான். பின்னினதும் கரடி அமுங்கி, குண்டாயிடுச்சு. படம் பின்னத் தெரியாதவன் வேலை."

கொழுந்தன் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினான். அவன் வாழ்க்கையில் இது அபூர்வம்.

அண்ணிக்குக் காது சுட்டது. காலையில் பெரிய மேதைபோல, போனது காகிதம் என்று சொன்னாளே! எந்தக் காகிதம் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லையே! இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் இந்த மனுஷனின் தலையில் கல்லைப் போட்டிருப்பாள்.

"படத்தை யார் வரைஞ்சது?" என்று கேட்டாள்.

"முதலாளியம்மாதான். பென்சில்ல. கட்டம் போட்டு முடிச்சதும் அவங்களே திருப்பி வாங்கி வச்சுக்கிட்டாங்க."

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான், "என்ன அண்ணி, காத்து உங்க சிநேகிதி பக்கம் வீசற மாதிரி இருக்கே?"

"வாயைக் கழுவு. அவ மேசையில இருந்து எவனோ படத்தை எடுத்திருக்கான். அந்த அறைக்கு நாற்பது பேர் போய் வராங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே. காத்துதான் வீசுதுன்னேன்."

சந்து முனையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அண்ணி உட்கார்ந்தாள். அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டும். கரடியின் எந்த வரிசையில் அமுக்கம் தெரிகிறது என்று மஞ்சள் நூலால் அடையாளம் போட்டுக்கொள்ளலாம் என்று பைக்குள் கையை விட்டாள். எப்போதும் ஓரத்தில் கிடக்கும் நூல் டப்பா கையில் அகப்படவில்லை. பையைக் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, மாத்திரை, இரண்டு குல்லா. டப்பா இல்லை.

"என் நூல் டப்பா எங்கே?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "திட்டக் கூடாது. முந்தாநாள் சட்டைப் பட்டன் அறுந்துபோச்சு. உங்க பையில இருந்து டப்பாவை எடுத்துத் தைச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். வீட்டுல அலமாரி மேலதான் இருக்கு."

அண்ணி அவன் சட்டையைப் பார்த்தாள். கறுப்புச் சட்டையில் மஞ்சள் நூல்.

"முந்தாநாளா?"

"ஆமா. அதுக்குப் போய் ஏன் இப்படிப் பார்க்கறீங்க? டப்பாதானே. ஓடியா போயிடும்?"

உறை வந்தது நேற்று மாலை. பிரித்தது இன்று காலை. டப்பா முந்தாநாளிலிருந்து அலமாரிமேல் இருக்கிறது. கையில் நூலே இல்லாத ஒருத்தி முடிச்சுப் போட முடியாது.

பெஞ்சில் கிடந்த குல்லாவை எடுத்து மறுபடி உள்பக்கம் திருப்பினாள். இரண்டு சுற்று, இரண்டு காது. வேறு யாராவது தற்செயலாக இப்படிப் போட்டிருக்கலாமோ? மஞ்சள் நூலில், நழுவின கண்ணியில், இதே மாதிரி? எப்படியாவது வேறு ஆள் அகப்பட்டுவிட மாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதுவரை எத்தனையோ கேஸில் குற்றவாளி அகப்பட வேண்டும் என்று வேண்டியிருக்கிறாள். அகப்படக் கூடாது என்று வேண்டியது இதுதான் முதல் தடவை.

"தம்பி, இந்த முடிச்சு உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஒண்ணு நீங்க."

"நான் போடலை."

கொழுந்தனுக்குப் புரிந்தது. குல்லாவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை என்று காலையில் குட்டை சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதை அவனும் கேட்டிருந்தான். உறை ஒட்டப்படுவதற்கு முன்னாலேயே அவள் கை அந்தக் குல்லாவுக்குள் போயிருக்கிறது. போட்டிக் கம்பெனியில் உட்கார்ந்து சாம்பிளில் குறை பார்த்துக் கொடுத்திருக்கிறாள். கண் குறையைப் பார்த்ததும் கை தானாக முடிச்சைப் போட்டிருக்கிறது. போட்டது அவளுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணி, ஒரு டீ சொல்லட்டுமா?" என்றான் கொழுந்தன், ரொம்பத் தணிந்த குரலில்.

"வேண்டாம். நீ இந்த முடிச்சு இருக்கிற குல்லாவை எடுத்துக்கிட்டு ஏஜென்ட்டைப் போய்ப் பாரு. அவர் கண் முன்னாலேயே மறுபடி உறையில போட்டுக் கையெழுத்து வாங்கு. கட்டக்காரரையும் கூட்டிக்கிட்டு நாலு மணிக்கு முன்னால பட்டறைக்கு வா. குட்டையோட அறைக் கதவு சாத்தியிருக்காது. வெளியில நில்லுங்க. சத்தம் வரக் கூடாது."

"நீங்க?"

"முடிச்சு இல்லாத குல்லா என்கிட்ட இருக்கட்டும். எனக்கு அவகிட்ட ஒரு வேலை இருக்கு."

மூன்றரை மணிக்கு அவள் அறைக்குள் நுழைந்தபோது குட்டை ஆவலோடு எழுந்தாள். "பார்த்தியா? என்ன சொன்னார்? நடிச்சாரா?"

"நடிக்கலை" என்றாள் அண்ணி. குல்லாவை மேசைமேல் வைத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு அதிசயம் கேளு. அந்தக் குல்லாவுல ஒரு பூனைக்காது இருக்குடி."

குட்டையின் கண் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு சிரித்தாள். "பைத்தியம். காலையில பார்க்கறப்போ நீயே போட்டிருப்பே. உன் கை சும்மா இருக்குமா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். சரி, எழுதறதை எழுதி முடிக்கறேன். தண்ணி எங்கே வச்சிருக்கே?"

ஜன்னலோரம் பானையும் டம்ளரும் இருந்தன. அண்ணி எழுந்து போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் மொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் அறை மங்கலாகத் தெரிந்தது. தொடாதே, குட்டை, தொடாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள். சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திரு. நான் மடச்சியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

கண்ணாடியில் ஒரு கை நீண்டது. குல்லாவை இழுத்துக்கொண்டது. மடிப்பைப் பார்க்கவில்லை, ஓரத்தைத் தடவவில்லை, கரடியைத் தேடவில்லை. விரல்கள் நேராக உள்ளே போய், உச்சியில், கண்ணிகளை இழுத்து மூடுகிற அந்த இடத்தைத் துழாவின. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி துழாவின.

"அது வேற குல்லா" என்றாள் அண்ணி, திரும்பாமலே. "முடிச்சு எங்கே இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே."

டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினாள். குட்டை குல்லாவுக்குள் கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தாள். ஒருக்களித்திருந்த கதவு முழுதாகத் திறந்தது. வாசலில் கட்டக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் உறையோடு கொழுந்தன்.

குட்டை பங்காளியைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தாள். "நாலு மாடிக்காரங்க என்னைக் குல்லா பிரிவுக்கே தலைவியா வரச் சொன்னாங்கடி. பட்டறை முழுசா என் கையில இருந்தாத்தான் எடுத்துக்குவாங்களாம். இவர் சம்மதிக்க மாட்டார். நான் எத்தனை வருஷம் இந்தப் பஞ்சுலயே கிடந்து சாகறது?"

"இவர் மேல பழி போட்டது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "இந்த ஊர்ல துப்பறியறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. என்னை ஏன்டி கூப்பிட்டே? நான் எப்படியும் கண்டுபிடிச்சுடுவேன்னு உனக்குத் தெரியாதா?"

குட்டை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ யாரை வேணாலும் சந்தேகப்படுவே. என்னைப் பட மாட்டே. அதான் கூப்பிட்டேன்."

அறைக்கு வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாலு மணி ஆகிவிட்டது. அண்ணி பழைய அறிக்கையை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கூடியிருந்த நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, கட்டக்காரர்மேல் எள்ளளவும் குற்றமில்லை, அவருடைய தாள் போட்டிக் கம்பெனிக்குப் போகவே இல்லை என்று சொன்னாள். படம் போன வழியை ஏஜென்ட் முன்னிலையில் எழுதிக் கொடுப்பேன் என்றாள். யார் என்று பத்துப் பேர் கேட்டார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் திறந்திருந்த கதவு வழியாக முதலாளியம்மாவைப் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கட்டக்காரர் படிவரை வந்து கை கூப்பினார். வழியில் கம்பெனி, வெயில், கரடி என்று எதைப் பற்றியும் கொழுந்தன் ஜோக் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரிமேலிருந்து நூல் டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. நான் இதை எடுக்காம இருந்திருந்தா..."

"எடுக்காம இருந்திருந்தா இந்நேரம் ஒரு நல்ல மனுஷனைத் தெருவுல நிறுத்தியிருப்பேன். உன் பட்டன்தான் அவரைக் காப்பாத்துச்சு."

டப்பாவைத் திறந்தாள். மஞ்சள் நூல்கண்டு பாதி தீர்ந்திருந்தது. பதினோரு வருடம், தினம் நூறு முடிச்சு. ஒன்றுகூட விடாமல் குட்டையோடு சேர்ந்து போட்டவை. அண்ணி அழுதாள். கொழுந்தன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை மூடி அவனிடம் நீட்டினாள்.

"இதை நீயே வச்சுக்கோ, பட்டன் தைக்க ஆகும். கடைக்குப் போறப்போ எனக்கு ஒரு கட்டு ஸ்டிக்கர் வாங்கிட்டு வா. அம்புக்குறி போட்டது."

"பசை ஒட்டிக்குமே அண்ணி?"

"ஒட்டட்டும்" என்றாள் அண்ணி.